வெளிநாட்டில் வாடகை கார்: இன்சூரன்ஸை முதல்முறை எடுப்பவர்களுக்கு, படிப்படியாக

நீண்ட விமானப் பயணம் முடிந்து கார் கவுன்டரில் நிற்கும்போதுதான் பலரும் இன்சூரன்ஸைப் பற்றி முதன்முதலாக யோசிக்கிறார்கள். தூக்கக் கலக்கம், பின்னால் வரிசை. கவுன்டரில் இருப்பவர் "ஃபுல் கவர் போட்டுடலாமா?" என்று கேட்டதும் தலையாட்டிவிடுகிறோம், அல்லது செலவுக்குப் பயந்து வேண்டாம் என்கிறோம். இரண்டுமே யோசிக்காமல் எடுத்த முடிவுதான். புக் செய்வதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து இதை முடித்துவிட வேண்டும்.

படி 1: இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்

நான் எடுத்த காருக்கு ஏதாவது ஆனால் யார் பணம் கட்டுவது? அந்தக் காரால் இன்னொருவருக்கோ அவர் சொத்துக்கோ சேதம் வந்தால் யார் கட்டுவது?

எல்லோரும் முதல் கேள்வியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் அந்த நஷ்டம் ஏறக்குறைய காரின் விலையோடு நின்றுவிடும். ஒருவர் படுகாயமடைந்து மாதக்கணக்கில் சிகிச்சை எடுத்தால் அந்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் தேட வேண்டும்.

படி 2: தேர்ட் பார்ட்டி கவர் எவ்வளவு என்று பாருங்கள்

உங்கள் காரால் அடுத்தவருக்கு வரும் காயத்துக்கும் சேதத்துக்குமான கவர் இது. நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம். வாடகையிலேயே சேர்ந்து வந்துவிடும், தனியாக வாங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில்தான் கவனம் தேவை. அங்கே குறைந்தபட்சத் தொகையை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நிர்ணயிக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024 கடைசி வரை, அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கான குறைந்தபட்சம் வெறும் 5,000 டாலர். 2025 முதல் அது 15,000 டாலர். காயமடையும் ஒருவருக்கு 30,000 டாலர். அங்கே ஆஸ்பத்திரிச் செலவு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு சிறிய தொகை என்று புரியும். சொந்தமாக அமெரிக்க கார் பாலிசி இல்லாத பயணி, சப்ளிமென்டல் லயபிலிட்டி என்ற கூடுதல் கவரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளிநாட்டவருக்கான கட்டணத்தில் பல நேரம் இது சேர்ந்தே இருக்கும். அதனால் புக் செய்யும்போது நீங்கள் வசிக்கும் நாட்டைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

நியூசிலாந்தில் விபத்துக் காயங்களை ஏசிசி என்ற அரசுத் திட்டம் பார்த்துக்கொள்கிறது, சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்து. அடுத்தவர் காருக்கு நீங்கள் செய்யும் சேதத்துக்கு அது உதவாது. ஆஸ்திரேலியாவின் கட்டாய இன்சூரன்ஸும் காயங்களுக்கு மட்டும்தான்.

படி 3: சிடிடபிள்யூவையும் எக்ஸஸையும் புரிந்துகொள்ளுங்கள்

சிடிடபிள்யூ என்றால் கொலிஷன் டேமேஜ் வேவர். கார் சேதமானால் ஒரு தொகைக்கு மேல் உங்களிடம் வாங்க மாட்டோம் என்று வாடகை நிறுவனம் கொடுக்கும் வாக்கு இது. அந்தத் தொகைதான் எக்ஸஸ். அமெரிக்கப் பாணியில் டிடக்டிபிள்.

எக்ஸஸ் 1,500 யூரோ என்று வைத்துக்கொள்வோம். நடைபாதை ஓரக் கல்லில் உரசி 400 யூரோவுக்குச் செலவு வந்தால், அந்த 400-ம் உங்கள் கையிலிருந்துதான். பெரிய மோதல், 9,000 யூரோ சேதம் என்றால் நீங்கள் கட்டுவது 1,500. ஆக, "இன்சூரன்ஸ் சேர்த்து" என்று போட்டிருந்தாலும் சின்னக் கீறல்கள் அத்தனையும் உங்கள் செலவுதான்.

அப்புறம் விதிவிலக்குகள். டயர், ரிம், கண்ணாடி, கூரை, காரின் அடிப்பகுதி, தொலைந்த சாவி, மாற்றிப் போட்ட எரிபொருள் ஆகியவை பெரும்பாலும் சாதாரண சிடிடபிள்யூவில் வராது. ஐஸ்லாந்தில் சரளைக் கல் தெறிப்பதற்கு ஒரு கவர், மணல்–சாம்பல் புயலுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக விற்பார்கள். காற்று கதவைப் பிடுங்கி வளைத்துவிடுவது அங்கே சாதாரணம். அது பல கவர்களில் சேராது. ஜப்பானில் கார் பழுதுபார்ப்பில் நிற்கும் நாட்களுக்கு என்ஓசி (நான்-ஆபரேஷன் சார்ஜ்) என்ற கட்டணம் உண்டு. கார் ஓடும் நிலையில் திரும்பினால் 20,000 யென், இல்லாவிட்டால் 50,000 யென் என்பது பல நிறுவனங்களில் வெகுகாலமாகப் பழகிப்போன கணக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம். வாடகை ஒப்பந்தத்தை மீறினால் சிடிடபிள்யூ என்ற அந்த வாக்கே செல்லாது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டுவது, தடைசெய்த பாதையில் இறங்குவது எல்லாம் இதில் அடங்கும். அந்த நாட்டில் செல்லாத லைசென்ஸோடு ஓட்டினாலும் அப்படித்தான். சர்வதேச ஓட்டுநர் பெர்மிட் என்றால், ஜப்பான் 1949 ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தப்படி கொடுத்ததை மட்டுமே ஏற்கும். 1968 வியன்னா ஒப்பந்தப் பெர்மிட் அங்கே எடுபடாது.

படி 4: எக்ஸஸைக் குறைக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

கவுன்டரிலேயே கூடுதல் பணம் கட்டி எக்ஸஸைச் சைபர் ஆக்கலாம். விலை அதிகம், தலைவலி குறைவு.

வேறொரு நிறுவனத்திடம் எக்ஸஸ் இன்சூரன்ஸ் மட்டும் தனியாக வாங்கலாம். இது பெரும்பாலும் மலிவு. டயர், கண்ணாடிக்கும் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் சேதம் வந்தால் வாடகை நிறுவனம் முதலில் உங்கள் கார்டில் பணத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் கிளைம் செய்து வாங்க வேண்டும். எக்ஸஸ் அளவுக்கு கார்டில் டெபாசிட்டும் பிடித்து வைப்பார்கள். கார்டின் லிமிட் அதைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கிரெடிட் கார்டோடு வரும் கவர். முழு வாடகையையும் அதே கார்டில் கட்டியிருக்க வேண்டும். பெரும்பாலான கார்டுகளில் கவுன்டரின் சிடிடபிள்யூவை மறுத்திருக்கவும் வேண்டும். சில நாடுகள், சில வகைக் கார்கள், குறிப்பிட்ட நாட்களுக்கு மேற்பட்ட வாடகை ஆகியவற்றை விலக்கியிருப்பார்கள். தேர்ட் பார்ட்டி இதில் வழக்கமாக வராது. பாலிசியை வரி விடாமல் படிக்காமல் இதை நம்பிப் போகாதீர்கள்.

முதல்முறை, சாலையின் பழக்கமில்லாத பக்கத்தில் ஓட்டப்போகிறவர் என்றால் கவுன்டர் கவரையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் பணம் வீணில்லை.

படி 5: சாவி வாங்கும்போது

கையெழுத்துப் போடும் திரையில் மொத்தத் தொகையைப் பாருங்கள். நீங்கள் வேண்டாம் என்றது பட்டியலில் ஏறியிருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு காரைச் சுற்றி ஒரு வீடியோ. நான்கு ரிம், பம்பரின் கீழ் விளிம்பு, கண்ணாடி, கூரை, எரிபொருள் முள் எல்லாம் அதில் தெரிய வேண்டும். அவர்கள் தாளில் இல்லாத கீறல் கண்ணில் பட்டால், கிளம்பும் முன் எழுதி வாங்குங்கள்.

படி 6: விபத்து நடந்தால்

முதலில் காயம்பட்டவர்களைப் பாருங்கள். அடுத்து போலீஸ், அதன்பின் வாடகை நிறுவனம். ஜப்பானில் போலீஸில் பதிவு இல்லாவிட்டால் இன்சூரன்ஸ் கிடைக்காது. ஐக்கிய அரபு அமீரகத்தில் போலீஸ் அறிக்கை இல்லாமல் பட்டறையில் வேலையே தொடங்க மாட்டார்கள். ஐரோப்பாவில் பல கார்களில் இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் விபத்துப் படிவம் இருக்கும். படம் வரைந்து, நடந்ததை மட்டும் எழுதுங்கள். புரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 7: திருப்பிக் கொடுக்கும்போது

முடிந்தவரை ஆள் இருக்கும் நேரத்தில் கொடுங்கள், மறுபடியும் ஒரு வீடியோ எடுங்கள். புதுச் சேதம் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். கிளைம் செய்ய வேண்டிவந்தால் வாடகை ஒப்பந்தம், சேத அறிக்கை, ரிப்பேர் பில், போலீஸ் அறிக்கை, பணம் பிடித்ததைக் காட்டும் கார்டு ஸ்டேட்மென்ட், லைசென்ஸ் நகல் ஆகியவற்றைக் கேட்பார்கள். வீடு திரும்பிய பிறகும் சில வாரங்கள் கழித்துப் பணம் பிடிப்பது உண்டு. அதுவரை எந்தப் படத்தையும் போனிலிருந்து அழிக்க வேண்டாம்.