கம்பெனி பேரில் கருத்து சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியிலோ தோல் கம்பெனியிலோ வேலை பார்க்கிறீர்கள், சுற்றுச்சூழல் தினத்துக்கு என்ன போஸ்ட் போடலாம் என்று முதலாளி கேட்கிறார் என்றால், முதலில் உங்கள் கேட்டைத் தாண்டி வெளியே போகும் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 1996-ல் நம் பக்கத்துத் தோல் கழிவு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொல்லி, ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. 2015-ல் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டி உடைந்து, பக்கத்துக் கம்பெனியில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் செத்தார்கள். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றுக் கழிவைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இவ்வளவும் தெரிந்த ஊரில் மரக்கன்று நடும் போட்டோவை யார் நம்புவார்கள்? கழிவுநீர்ப் பரிசோதனை முடிவை மாதாமாதம் கேட்டில் தமிழில் ஒட்டுங்கள், அது போதும்.

மகளிர் தினமும் அப்படித்தான். ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தாலே பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-லிருந்து சட்டம். குழுவில் பாதிப் பேராவது பெண்கள், தலைவரும் பெண், வெளியிலிருந்து ஒருவர். அவர்கள் பெயரும் போன் நம்பரும் லைன் பக்கத்தில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி இருக்கிறதா? இல்லையென்றால் ரோஜாப்பூ கொடுக்கும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் இதை முடியுங்கள்.

சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூக நலனுக்காகக் கம்பெனி செலவு செய்ய வேண்டிய பணம், பெரிய கம்பெனிகளுக்குத்தான் கட்டாயம், மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம். ஆனால் ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது, அதனால் தலைமை ஆபீஸ் சென்னையில் இருந்தாலும் ராணிப்பேட்டையில் கேட்கலாம், கேளுங்கள்.

அப்புறம் கட்சி. மாநாட்டுக்கு நன்கொடை கேட்டு ரசீது புக்கோடு வந்து நிற்பார்கள், பயத்தில் எடுத்துக் கொடுக்காதீர்கள். கட்சிக்கு நன்கொடை கொடுக்கக் கம்பெனி தொடங்கி மூன்று நிதியாண்டு ஆகியிருக்க வேண்டும், போர்டு (இயக்குநர்கள் குழு) தீர்மானம் வேண்டும், ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது, அதை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதவும் முடியாது. எந்த வரம்பும் இல்லாமல் கொடுக்கலாம் என்றிருந்த 2017 திருத்தத்தையும் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் தேர்தல் பத்திரத் தீர்ப்பு ரத்து செய்துவிட்டது. "போர்டுல வைக்கணும்ணே, செக்கா தான் தர முடியும்" என்று மரியாதையாகச் சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள்.

முதலாளிக்கு ஒரு கட்சி பிடிக்கும் என்றால் அது அவர் சொந்த விஷயம், கம்பெனி பஸ்ஸில் ஆட்களைக் கூட்டத்துக்கு ஏற்றிப்போவது வேறு விஷயம், அதைச் செய்யவே செய்யாதீர்கள். பேரணாம்பட்டிலிருந்தும் மாதனூரிலிருந்தும் வருகிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பெனி செய்ய வேண்டிய அரசியல் உதவி ஒன்றுதான்: ஓட்டு நாளில் சம்பளத்தோடு லீவு, அது அவர்கள் சட்ட உரிமை. அதற்கு ஈடாக அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொல்லாதீர்கள்.