கியூஆர் கோடு அச்சடிக்கும் முன்

விளம்பரத் தாளில் கியூஆர் கோடு போடுகிறீர்களா, அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் பாருங்கள். நடுவில் லோகோ வைப்பது தப்பில்லை, ஆனால் கோடு உருவாக்கும்போதே பிழைதிருத்த அளவை (எவ்வளவு சேதமானாலும் படிக்கமுடியும் என்பதை) 'எச்' (H) என்று வைத்துவிடுங்கள், அப்போதுதான் சுமார் 30 சதவீதம் மறைந்தாலும் அழிந்தாலும் போன் படித்துவிடும். 'எல்' (L) என்றால் 7 சதவீதம்தான் தாங்கும். சுற்றிலும், கோடில் உள்ள சின்னக் கட்டங்களில் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள். நிறைய பேர் சொதப்புவது இங்கேதான், அழகான பார்டர் போடுகிறேன் என்று ஓரத்தை ஒட்டி வரைந்துவிடுகிறார்கள். அப்புறம், நீளமான இணைய முகவரி கொடுத்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகிவிடும், சுருக்கமாகக் கொடுங்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று படிக்கவேண்டுமானால் 10 சென்டிமீட்டர் அகலம் இருப்பது நல்லது. முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மங்கலான வெளிச்சத்தில் பழைய போனில் காட்டிப் பாருங்கள்.