நாய் வளரும் வீட்டில் அரைக்கீரைப் பாத்தி: விதைப்பு முதல் கடையல் வரை

கொல்லையில் முதன்முதலாகக் கீரை விதைக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் நாய் இருக்கிறதா என்பதைத்தான். திண்டுக்கல் பக்கத்துச் செம்மண் பூமியில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் போட்ட முதல் பாத்தி ஆறே நாளில் அழிந்துபோனது. அதற்குப் பூச்சியும் காரணமில்லை, வெயிலும் காரணமில்லை. கொத்திவிட்டதால் பொலபொலவென்று கிடந்த ஈர மண்ணைக் கண்ட எங்கள் நாட்டு நாய் கறுப்பன், முளைத்துவந்த நாற்றோடு சேர்த்துக் குழி பறித்து, அதில் வயிறு படும்படி சுருண்டு படுத்துக்கொண்டான். எத்தனை முறை அதட்டி விரட்டினாலும் திரும்பி வந்தான். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தும், குளிர்ந்த மண்ணில் படுத்தும்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை வெயிலில் அவனுக்கு அந்தப் பாத்தியைவிட்டால் வேறு இடம் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. எனவே இந்தச் செய்முறையில் நாய்க்கு இடம் ஒதுக்குவது முதல் வேலை, பாத்தி கட்டுவது இரண்டாவது வேலை.

முதல் வேலை: நாய்க்கு ஒரு குழி

வேப்பமரமோ முருங்கையோ நிழல் தரும் இடமாகப் பார்த்து, நாய் தாராளமாகப் படுக்கும் அகலத்தில், ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டுங்கள். அதில் பாதிக்கு ஆற்று மணலையோ சலித்த மண்ணையோ நிரப்பி, காலையில் ஒரு குடம் தண்ணீரைத் தெளித்துவிடுங்கள். குழி இருப்பதை நாய் தானாகவே கண்டுகொள்ளும் என்று விட்டுவிடாமல், முதல் இரண்டு மூன்று நாள் அதற்கு விருப்பமான தின்பண்டத்தை அந்த மணலில் புதைத்துவைத்துத் தோண்டப் பழக்குங்கள். பாத்திக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்பே குழியை நனைத்துவிடுவது நல்லது. ஈர மணம் முதலில் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் நாய் போகும்.

இரண்டாவது வேலை: மண்ணும் எருவும்

தொடங்குகிறவர்களுக்கு 4 அடி அகலம், 10 அடி நீளம் உள்ள ஒரு பாத்தி போதும். அகலம் அதற்கு மேல் போனால், இருபுறமும் நின்று களை எடுக்கக் கை எட்டாது. மண்ணை அரையடி ஆழத்துக்குக் கொத்தி, கட்டிகளை உடைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, நன்றாக மக்கிய சாண எருவை இரண்டு கூடை கலந்து சமப்படுத்துங்கள். எரு கையில் எடுத்தால் தேயிலைத் தூள்போல் உதிர வேண்டும்; சாண வாடை துளியும் இருக்கக் கூடாது. மக்காத எருவில் வெள்ளை வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் வண்டுப் புழுக்கள் கீரையின் வேரைக் கெடுப்பதோடு நாயையும் பாத்திக்குள் இழுத்துவிடும், ஏனென்றால் மண்ணுக்குள் அந்தப் புழு அசைவதை அதன் மூக்கும் காதும் எளிதாக அறிந்துகொள்கின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆமணக்குப் புண்ணாக்கை நாய் உள்ள வீட்டில் எருவாகப் போடவே கூடாது. அதன் மணத்தைத் தீனி என்று எண்ணி நாய் தின்றுவிடும். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு அதன் உயிரைப் பறிக்கக்கூடியது. குருணை மருந்துக்கும் எலி மருந்துக்கும் இதே விதிதான். நாயின் மலத்தை எருக்குழியில் சேர்ப்பதும் தவறு. அதிலிருக்கும் குடற்புழு முட்டைகள் மண்ணில் தங்கி, கீரை வழியாக வீட்டுக் குழந்தைகளைச் சேரும். அதைத் தனியாகத் தொலைவில் புதைத்துவிட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் நாய்க்குப் புழு மருந்து கொடுத்துவாருங்கள்.

மூன்றாவது வேலை: வேலியும் விதையும்

வேலி என்றதும் கருவேல முள்ளை வெட்டிப் போடுவது நம் ஊர் வழக்கம். உதிர்ந்த முள் நாயின் பாதத்தில் ஏறினால் சீழ் பிடிக்கும் என்பதால் நான் அதைக் கைவிட்டுவிட்டேன். நான்கு மூலையிலும் நடுவிலும் சவுக்குக் கம்பு ஊன்றி, தென்னங்கீற்றில் முடைந்த தட்டியை மூன்றடி உயரத்துக்குக் கட்டினால் நாய் மட்டுமின்றிக் கோழியும் உள்ளே வராது. ஆண் நாய் காலைத் தூக்கி நிற்கும் இடம் தட்டியாகவே இருக்கும் என்பதால், தட்டிக்கும் பாத்தி விளிம்புக்கும் இடையே ஒன்றரை அடி வெற்றிடம் விடுங்கள்.

அரைக்கீரை விதை கறுத்து, பளபளப்பாக, கடுகைவிடச் சிறியதாக இருக்கும். இந்தப் பாத்திக்கு ஒரு தேக்கரண்டி விதை போதுமானது. அதைத் தனியாகத் தூவினால் ஓரிடத்தில் கொத்தாக விழுந்துவிடும். எனவே இரண்டு கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து, கையை வீசித் தூவி, விரல்களால் மேல்மண்ணை இலேசாகக் கீறிவிடுங்கள். விதையை எறும்பு இழுத்துப் போகாமல் இருக்கப் பாத்தியைச் சுற்றி அரிசி நொய் தூவுவது எங்கள் அம்மா கற்றுத்தந்த வழி. எறும்பு நொய்யோடு நின்றுவிடுகிறது. குடத்தைச் சாய்த்து ஊற்றினால் விதை ஒருபுறம் அடித்துச் செல்லப்படும் என்பதால், முளைக்கும்வரை பூவாளியால் காலையும் மாலையும் தெளித்தால் போதும். ஐந்தாறு நாளில் செம்மை கலந்த சிறு முளைகள் தெரியும். அடைமழைக் காலமான ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்த்து ஏனைய மாதங்களில் விதைக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் வாக்கில் நெருக்கமான நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். அவற்றைப் பருப்பில் போட்டுவிடலாம். இலையைச் சுருட்டி உள்ளே இருக்கும் புழுவைக் கையால் எடுத்துவிடுவதே சிறிய பாத்திக்குப் போதுமானது. 25 முதல் 30 நாளில் தரையிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அரிவாளால் அறுத்தெடுங்கள். வேரோடு பிடுங்கிவிடாதீர்கள், ஏனெனில் அரைக்கீரை மீண்டும் மீண்டும் துளிர்த்துப் பல அறுப்பு தரும்.

நான்காவது வேலை: அடுப்படியில்

அடுப்பில் முதலில் ஏற வேண்டியது நாயின் சோறு. மீந்த குழம்பையும் ரசத்தையும் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைப்பது நம்மிடம் பரவலான பழக்கம். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை, வேகவைத்தாலும் அந்தக் கேடு நீங்குவதில்லை. எனவே உப்பில்லாமல் குழைய வேகவைத்த சோற்றில், அவித்த முட்டையையும் மஞ்சள் பூசணித் துண்டையும் மசித்து, தனிக் கிண்ணத்தில் ஆறவையுங்கள்.

கீரையை மூன்று தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலில் பாத்திரத்தின் அடியில் மண் தங்கக் கூடாது. மண்சட்டியில் ஒரு குவளைத் தண்ணீர் கொதித்ததும், பத்துச் சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு, மூன்று பச்சைமிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம் ஆகியவற்றைப் போட்டு, வெங்காயம் கண்ணாடிபோல் ஆனபிறகு கீரையைச் சேர்க்கவும். மூடி போட்டால் பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும், திறந்தே வேகவிடுங்கள். தண்டை நசுக்கிப் பார்த்து, குழைந்தால் இறக்கி, மிகுந்த நீரை வடித்து வைத்துக்கொண்டு, உப்புச் சேர்த்து மத்தால் கடையுங்கள். மத்து ஒரே திசையில் ஓடாமல் இரு கைகளுக்கு இடையே முன்னும் பின்னும் உருள வேண்டும். அப்போதுதான் கீரை கூழாகாமல், நாரும் இலையும் சேர்ந்து மசியும். கெட்டியாக இருந்தால் வடித்த நீரையே விட்டுக்கொண்டு, கடுகும் கிள்ளிய வற்றலும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். இதற்குள் கிண்ணத்துச் சோறு ஆறியிருக்கும். அதை மணற்குழியின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்து இலை போடுங்கள்.