19 வயதுக் கூடைப்பந்து வீரரை முழுமையான ஆட்டக்காரராக வளர்ப்பது எப்படி?

வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிகள் ஒவ்வோர் ஆண்டும் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ட்ராஃப்டின் முதல் சுற்றில் தேர்வாகும் வீரர்களில் பலருக்கு வயது 19 அல்லது 20 தான். அதுவரை ஆடிய ஒவ்வோர் அணியிலும் பந்து தங்கள் கைக்கே முதலில் வரும் என்று பழகிய இவர்கள், திடீரென்று தங்களைவிடப் பத்து வயது மூத்த, உடல் முதிர்ந்த, ஆட்டத்தின் நுட்பங்கள் அனைத்தும் அறிந்த வீரர்களுக்கு நடுவே வந்து நிற்கிறார்கள். முதல் சுற்று வீரரின் தொடக்க ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள் வரை நீளும். முதல் இரண்டு ஆண்டுகள் உறுதியானவை, பின்னிரண்டும் அணியின் விருப்பத்தைப் பொறுத்தவை. இந்தக் கால எல்லைக்குள் ஓர் இளைஞரை எப்படி வளர்ப்பது என்று திட்டமிடும் பயிற்சியாளரும் மேலாளரும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பருவத்தில் அவர் எங்கே, எத்தனை நிமிடம், என்ன பொறுப்போடு ஆடப்போகிறார்? தனிப்பயிற்சி, உடற்பயிற்சி, உணவு ஆகிய யாவும் இதற்குப் பிறகு வருபவை என்பதே என் உறுதியான கருத்து.

ஆடும் நிமிடங்களை முதலில் உறுதிசெய்தல்

டொராண்டோ ராப்டர்ஸ் அணி பாஸ்கல் சியாகமை வளர்த்த விதம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கேமரூனில் பிறந்து, பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான் கூடைப்பந்தைத் தீவிரமாகத் தொட்ட அவரை, 2016 ஆம் ஆண்டு 27 ஆவது இடத்தில் அந்த அணி தேர்ந்தெடுத்தது. முதல் பருவத்தில் 38 ஆட்டங்களைத் தொடக்க ஐவரில் ஒருவராக ஆடிய அவர், பருவத்தின் நடுவே அந்த இடத்தை இழந்தார். அவரைப் பெஞ்சிலேயே உட்காரவைத்து மூத்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். பல அணிகள் அப்படித்தான் செய்கின்றன. டொராண்டோ அவரை, என்பிஏவுக்குக் கீழ்நிலையான வளர்ச்சி லீக்கில் (இன்றைய ஜி லீக்) ஆடும் தன் வளர்ச்சி அணியான ராப்டர்ஸ் 905க்கு அனுப்பியது. ட்ராஃப்டில் எவராலும் தேர்ந்தெடுக்கப்படாத ஃப்ரெட் வான்விளீட்டும் அங்கே ஆடினார். 2017 இல் அந்த அணி வளர்ச்சி லீக் கோப்பையை வென்றபோது, இறுதித்தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானவர் சியாகம். 2019 இல் டொராண்டோ என்பிஏ கோப்பையை வென்ற இறுதித்தொடரில், முதல் ஆட்டத்தில் அவர் 32 புள்ளிகள் எடுத்தார். கோப்பையைத் தீர்மானித்த ஆறாம் ஆட்டத்தில் வான்விளீட் 22 புள்ளிகள் எடுத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது வளர்ச்சி அணியில் கிடைக்கும் பொறுப்பின் தன்மை. பெரிய அணியில் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம் களமிறங்கும் இளைஞர், தவறு செய்தால் வெளியே அழைக்கப்படுவோம் என்ற அச்சத்தில், பந்து வந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொள்கிறார். வளர்ச்சி அணியில் முப்பத்தைந்து நிமிடம் ஆடும்போது, ஒரு பந்தைப் பறிகொடுத்தாலும் அடுத்த முறையும் அவரே பந்தைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கடைசி இரண்டு நிமிடங்களில் சமநிலையில் உள்ள ஆட்டத்தை அவரே முடிக்க வேண்டியிருக்கிறது. இந்த அனுபவத்தைப் பயிற்சிக் கூடத்தில் உருவாக்கித் தர எவராலும் இயலாது.

ஆனால், ஆடும் தளம் வீரரின் நிலைக்குப் பொருந்த வேண்டும். 2015 இல் டாலஸ் மேவரிக்ஸ் 52 ஆவதாகத் தேர்ந்தெடுத்த சத்னாம் சிங், என்பிஏ ட்ராஃப்டில் தேர்வான முதல் இந்தியர். பஞ்சாபின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து, அமெரிக்காவில் பள்ளிநிலைப் பயிற்சி மையத்தில் ஆடிவிட்டு, கல்லூரி ஆட்டம் ஏதுமின்றி நேராகத் தொழில்முறைக்கு வந்தவர். வளர்ச்சி லீக்கில்கூட அவருக்குக் கிடைத்த ஆட்ட நேரம் மிகக் குறைவு. வளர்ச்சி லீக்குக்கு அனுப்பிவிட்டோம் என்பதாலேயே கடமை முடிந்துவிடாது. அங்கும் உட்கார்ந்திருக்கிறார் என்றால், இன்னும் ஒரு படி கீழே, அவர் நாள்தோறும் ஆடக்கூடிய இடத்தைத் தேடித்தர வேண்டும். அவர் போன்றோருக்கு ஐரோப்பாவின் இரண்டாம் நிலை லீக்குகள் பல நேரங்களில் நல்ல தேர்வாகும்.

வீரரை அழைத்து வராமல் விட்டுவைப்பதும் ஒரு வழிதான். 2014 இல் டென்வர் 41 ஆவதாகத் தேர்ந்தெடுத்த நிகோலா யோகிச், மேலும் ஓராண்டு செர்பியாவின் மெகா அணியிலேயே ஆடி, 2015 இல் பால்கன் நாடுகளின் அணிகள் ஆடும் ஏபிஏ லீக்கின் சிறந்த வீரர் விருதை வென்ற பிறகே அமெரிக்கா வந்தார். இளைஞர்களை ஆடவிடுவதையே தன் வழக்கமாகக் கொண்ட அணி மெகா. பிரான்ஸ் வீரர் விக்டர் வெம்பன்யாமாவும் ட்ராஃப்டுக்கு முந்தைய ஆண்டு, ஐரோப்பாவின் முதன்மைக் கழகத் தொடரான யூரோலீக்கில் ஆடும் அஸ்வெல் அணியை விட்டு, ஆட்டத்தின் முழுப் பொறுப்பும் தன்மீது விழும் மெட்ரோபாலிட்டன்ஸ் 92 அணிக்கு மாறினார். பெயர் பெற்ற அணியின் பெஞ்சைவிடச் சிறிய அணியின் களமே இளைஞருக்கு நல்லது என்பதைப் பெற்றோருக்கும் முகவருக்கும் பொறுமையாக விளக்க வேண்டியது மேலாளரின் வேலை.

இரண்டு அணிகளுக்கும் ஒரே முறை

வளர்ச்சி அணி என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. 2014-15 பருவத்தில் ஃபோர்ட் வேய்ன் மேட் ஆண்ட்ஸ் என்ற ஒரே வளர்ச்சி அணியை 13 என்பிஏ அணிகள் பகிர்ந்துகொண்டன. அங்கே அனுப்பப்பட்ட வீரர் தன் அணியின் ஆட்டமுறையை எப்படிக் கற்றிருக்க முடியும்? இன்று பெரும்பாலும் ஒவ்வோர் அணிக்கும் தனி வளர்ச்சி அணி இருக்கிறது; ஆனாலும் இரண்டும் ஒன்றாக இயங்குவது தானாக நடந்துவிடாது. பிக் அண்ட் ரோலை (சக வீரர் எதிராளியை மறித்து வழிவிட்டு, பிறகு கூடையை நோக்கி ஓடும் தாக்குதல்) தடுக்கும் முறை, மூலையிலிருந்து உதவிக்கு ஓடும் வரிசை, களத்தில் கத்திச் சொல்லும் சொற்கள் ஆகியவை இரண்டு அணிகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். வளர்ச்சி அணியின் தலைமைப் பயிற்சியாளர் தன் வெற்றிக் கணக்குக்காக வேறொரு முறையைக் கையாளத் தொடங்கினால், இளைஞர் மேலே வரும்போது எல்லாவற்றையும் மறுபடியும் கற்க வேண்டியிருக்கும். தொலைவும் முக்கியம். ராப்டர்ஸ் 905 இயங்கும் மிசிசாகா, டொராண்டோவின் அண்டை நகரம். காலையில் ஓர் அணியுடன் பயிற்சி செய்துவிட்டு மாலையில் மற்றோர் அணிக்கு ஆட முடிகிறது.

கீழே அனுப்புவது தண்டனையாகத் தெரியக்கூடாது. பருவம் தொடங்கும் முன்பே, எந்த மாதங்களில் எதற்காக அனுப்பப்போகிறோம் என்பதைத் தலைமைப் பயிற்சியாளரே நேரில் சொல்ல வேண்டும். செல்லும்போது கையில் ஒன்றிரண்டு பணிகள் மட்டுமே இருக்க வேண்டும்: இடதுகைப் பக்கம் ஓடிப் பந்தைக் கூடையில் சேர்ப்பது, மூலையிலிருந்து மூன்று புள்ளி எறிவது, தடுப்பாட்டத்தில் பேசுவது என்பன போல. இருவழி ஒப்பந்தத்தில் (பெரிய அணிக்கும் வளர்ச்சி அணிக்கும் மாறி மாறி ஆடும் ஒப்பந்தம்) உள்ள வீரர் பருவத்தில் 50 என்பிஏ ஆட்டங்கள் வரையே பெரிய அணியில் இடம்பெற முடியும் என்பதால், அந்த 50 ஐ எப்போது செலவிடுவது என்பதும் இதே திட்டத்தின் பகுதியாக வேண்டும். காயமடைந்தவருக்கு மாற்றாக அவசரத்தில் அழைத்துப் பயன்படுத்தித் தீர்த்துவிடக்கூடாது.

எறிதலைத் திருத்துதல்

இளம் வீரரிடம் மிக விரைவாகப் பலன் தரும் திருத்தம் எறிதல். மிக எளிதாகக் கெடுக்கக்கூடியதும் அதுவே. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு 29 விழுக்காடு மூன்று புள்ளி எறிதல்களையே கூடையில் சேர்த்த கவாய் லெனார்ட், 2011-12 இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் தன் முதல் பருவத்திலேயே, கல்லூரி ஆட்டத்தின் மூன்று புள்ளிக் கோட்டைவிடத் தொலைவான என்பிஏ கோட்டிலிருந்து 37.6 விழுக்காட்டை எட்டினார். அவரோடு உழைத்த எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட், வீரரின் இயல்பான அசைவைக் கலைத்துப் போடாமல், பந்து கையைவிட்டுப் பிரியும் இடத்தைத் திருத்துவதில் கவனம் செலுத்தினார்.

நீங்களும் அவ்வாறே செய்யலாம். முதலில் பல கோணங்களிலிருந்து அவரது எறிதலைப் படம்பிடித்து, ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள். பெரிய மாற்றங்களைக் கோடை ஓய்வில் மட்டும் செய்யுங்கள். பருவத்தின் நடுவே நுட்பத்தை மாற்றினால், ஆட்டத்தில் யோசித்து எறியத் தொடங்கி உள்ளதையும் இழப்பார். கூடைக்கு அருகே தொடங்கி, அசைவு நிலைப்பட்ட பிறகே பின்னால் நகர வேண்டும். பிறகு, ஆட்டத்தில் அவருக்கு எங்கிருந்து பந்து வருமோ அங்கிருந்தே, ஓடி வந்து நின்றும், எதிராளி பாய்ந்து வரும்போதும் எறிந்து பழக வேண்டும்.

இந்த இடத்தில் பயிற்சியாளருக்குத்தான் துணிவு வேண்டும். சியாகம் இரண்டாம் பருவத்தில் மூன்று புள்ளி எறிதல்களில் 22 விழுக்காடு மட்டுமே சேர்த்தார். ஆனாலும் எறியாதே என்று அவரிடம் சொல்லப்படவில்லை. மூன்றாம் பருவத்தில் அது 36.9 விழுக்காடாக உயர்ந்தது, அவ்வாண்டு அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதும் அவருக்குக் கிடைத்தது. நல்ல வாய்ப்பில் எறிந்து தவறிய பந்துக்காக ஓர் இளைஞரை வெளியே அழைத்தால், அடுத்த பத்து வாய்ப்புகளையும் அவர் தயங்கித் தவறவிடுவார்.

எதிரணியின் தவறுக்காகத் தடுப்பாரின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ குறித்து ஒரு சிறு எச்சரிக்கை. ஜி லீக்கில் 2019-20 முதல், ஆட்டத்தின் பெரும்பகுதியில் இரண்டு அல்லது மூன்று எறிதல்களுக்குப் பதிலாக ஒரே எறிதலுக்கு எல்லாப் புள்ளிகளும் தரப்படுகின்றன. அங்கே ஆடும் இளைஞருக்கு ஆட்டச் சூழலில் எறியும் பழக்கம் குறைந்துவிடுவதால், கடுமையாக ஓடிக் களைத்த நிலையில் இரண்டிரண்டாக எறியும் பயிற்சியைத் தனியே சேர்க்க வேண்டும்.

பயிற்சிக் கூடத்தில்

கூம்புகளை வரிசையாக வைத்து அவற்றைச் சுற்றிப் பந்தைத் தட்டிச் செல்லும் பயிற்சி காணொளியில் அழகாக இருக்கும். ஆனால், கூம்பு கை நீட்டுவதில்லை, உதவிக்கு ஓடி வருவதில்லை. இளம் வீரருக்குக் குறைவது பெரும்பாலும் முடிவெடுக்கும் வேகம்தான். ஆகவே மூவருக்கு மூவர், அல்லது தாக்குபவர் ஒருவர் கூடுதலாக உள்ள நால்வருக்கு மூவர் என்ற சிறு ஆட்டங்களை அதிகம் ஆடவிடுங்கள். இரண்டு தட்டல்களுக்கு மேல் கூடாது, எட்டு வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்பன போன்ற விதிகளைச் சேர்த்தால், பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கம் தானாக வளரும். ஆட்டப் பதிவைப் பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு துண்டுகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் நீங்கள் பேசும் முன், அவர் என்ன கண்டார் என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலில்தான் அடுத்த வாரத்துக்கான பாடம் இருக்கிறது.

உடலும் உறக்கமும்

மெலிந்த இளைஞரை ஒரே கோடையில் பருமனாக்க முயல்வது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் கேடு. யானிஸ் ஆண்டெடொகுன்போ 2013 இல் மில்வாக்கிக்கு வந்தபோது ஒல்லியாக இருந்தார், முதல் பருவச் சராசரி 6.8 புள்ளிகள், உடலும் ஆட்டமும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்தே வளர்ந்து 2019 இல்தான் அவர் லீக்கின் சிறந்த வீரரானார். குதிப்பதால் முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாணில் ஏற்படும் வலி இவ்விளையாட்டில் மிகப் பரவலானது. எனவே வாரத்தின் மொத்தக் குதிப்புகளில், ஆட்டத்தில் குதித்தவற்றோடு பயிற்சியில் குதித்தவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். முதல் பருவத்தில் வெம்பன்யாமாவையே ஸ்பர்ஸ் சராசரியாக 30 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் ஆடவிட்டது.

உறக்கத்தைப் பல அணிகள் வீரரின் சொந்த விஷயமாக விட்டுவிடுகின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் செய்து 2011 இல் வெளியான ஆய்வில், அவர்களின் ஃப்ரீ த்ரோ, மூன்று புள்ளி எறிதல் இரண்டுமே ஏறத்தாழ 9 விழுக்காடு மேம்பட்டன. நள்ளிரவில் விமானம் இறங்கிய மறுநாள் காலைப் பயிற்சியை ரத்து செய்வது செலவில்லாத மேம்பாடு.

களத்துக்கு வெளியே

முதல் சம்பளம் வந்தவுடன் உறவினர், நண்பர், முதலீட்டு ஆலோசகர் என்று பலரும் சூழ்வர். என்பிஏ 1986 முதல் புதிய வீரர்களுக்கென நடத்தும் அறிமுகப் பயிற்சியில் பணம், ஊடகம் போன்றவை கற்பிக்கப்படுகின்றன. ஆனால் சில நாள் வகுப்பு போதாது. சமைக்கவும், வரி கட்டவும், புதிய நகரில் தனியாக வாழவும் உதவும் ஒரு பொறுப்பாளரை அணி நியமிக்க வேண்டும். வேற்று நாட்டவருக்கு மொழி வகுப்பும் தேவை. அதோடு, தன் இடத்தைப் பிடித்துவிடுவாரோ என்று அஞ்சாத ஒரு மூத்த வீரரை அருகே வைப்பது பெரும் உதவி. டொராண்டோவில் கைல் லௌரி வான்விளீட்டுக்கு அப்படி அமைந்தார்.

பருவ முடிவில் புள்ளிகளின் சராசரியைக் கொண்டு அவரை மதிப்பிட வேண்டாம். உதவிக்கு ஓடவேண்டிய தருணங்களில் எத்தனை முறை நேரத்துக்குச் சென்றார், நல்ல எறிதல்களை எத்தனை முறை மறுத்தார், கொடுத்த ஒன்றிரண்டு பணிகளில் எங்கே நிற்கிறார் என்பவற்றை எழுத்தில் கொடுத்து, கோடைக்கான வேலையையும் அதே தாளில் எழுதித் தாருங்கள். தங்கள் அணியில் அவருக்கு இடமில்லை என்று தெளிவாகிவிட்டால், அதை உடனே சொல்லிவிடுவதே நேர்மை. ஐரோப்பிய அணிகள் பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களிலேயே தங்கள் வீரர் பட்டியலை நிரப்பிவிடுகின்றன. இலையுதிர்காலப் பயிற்சி முகாம் வரை இழுத்தடித்துவிட்டு அனுப்பினால், நல்ல ஆட்ட நேரம் கிடைத்திருக்கக்கூடிய ஓராண்டை அவர் இழக்க நேரிடும்.