இரு மருத்துவர்கள் இரு விதமாகச் சொன்னால்: ஆட்டிசம் மதிப்பீட்டை நாடும் பெற்றோருக்கு

தர்மபுரியில் பார்த்த மருத்துவர் “ஆட்டிசமாக இருக்கலாம்” என்கிறார். கிருஷ்ணகிரியில் பார்த்தவரோ “ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், மூன்று வயது வரை பொறுங்கள்” என்கிறார். இந்த நிலையில் யார் சொன்னது சரி என்று குழம்புவதைவிட, ஒவ்வொருவரும் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேட்பதே பயன் தரும். ஆட்டிசத்தை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையின் நடத்தையைக் கவனித்தும் வளர்ச்சி வரலாற்றைக் கேட்டறிந்துமே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், தூக்கக் கலக்கத்தில் மடியில் கிடந்த குழந்தையைப் பத்து நிமிடம் பார்த்தவரும், தரையில் விளையாடவிட்டு ஒரு மணி நேரம் கவனித்தவரும் வேறுபடுவதில் வியப்பில்லை.

ஆகவே வீட்டில் நடப்பதை மருத்துவரின் கண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, வேண்டியதைக் கேட்கும்போது, சாப்பிடும்போது, மற்றக் குழந்தைகள் நடுவில் இருக்கும்போது என ஒன்றிரண்டு நிமிட வீடியோக்களைச் செல்பேசியில் எடுத்துவையுங்கள்; நன்றாகச் செய்வதையும் சேர்த்தே எடுங்கள். விரலால் சுட்டிக்காட்டுகிறதா, முன்பு சொன்ன சொற்கள் நின்றுபோயினவா, நின்றிருந்தால் எந்த மாதத்தில் என்பதையும் எழுதிவையுங்கள்.

ஆட்டிசம் இருக்கக்கூடுமா என்று முதற்கட்டமாகப் பார்க்க, பெற்றோரிடம் கேட்டு நிரப்பும் எம்-சாட் எனப்படும் 20 கேள்விகள் கொண்ட படிவம் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. அதில் 3 முதல் 7 மதிப்பெண் வந்தால் தொடர் கேள்விகள் கேட்கப்பட வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் நேரடியாக முழு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம். ஆயினும் இது சல்லடைதான், தீர்ப்பு அல்ல.

கூப்பிட்டால் திரும்பாததற்குக் காது கேளாமையும் காரணமாகலாம் என்பதால், கேட்கும் திறனையும் பரிசோதித்துவிடுங்கள். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை தருகின்றன என்று பார்க்கும் பெரா பரிசோதனை, குழந்தை தூங்கும்போது செய்யப்படுவதால், பேருந்தில் வரும் வழியில் தூங்கவிட்டுவிட்டால் அன்றைய நாள் வீண்.

முழு மதிப்பீட்டுக்கு, 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யின் கீழ் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். ஓசூர்ப் பகுதியினருக்குப் பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸின் குழந்தை மனநலப் பிரிவு பக்கம்.

இந்த மாவட்டங்களில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழோ பேசும் குடும்பங்கள் பல. “இரண்டு மொழி கேட்டுக் குழம்பிவிட்டான்” என்ற விளக்கத்தை நான் ஏற்கமாட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாததற்கும் சுட்டிக்காட்டாததற்கும் மொழி காரணமாகாது. ஆனால் குழந்தை அதிகம் கேட்கும் மொழி எது என்பதை மதிப்பிடுபவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். செல்போன்தான் காரணம் என்று யாராவது சொன்னால் அதைக் குறையுங்கள், மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாவது மருத்துவரிடம் முதலில் குழந்தையையும் வீடியோக்களையும் காட்டி, அவர் தம் கருத்தைச் சொன்ன பிறகு பழைய சீட்டுகள் இரண்டையும் கொடுங்கள். அவரும் பொறுக்கச் சொன்னால், எத்தனை மாதம், அதற்குள் எது மாறியிருக்க வேண்டும் என்பதை எழுதித் தரக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் பயன்படும் ஐசா அளவுகோல் (ஆட்டிசத்தின் தீவிரத்தை அளக்கும், 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல்) வேறு கட்டம். அதற்கு இப்போதே அஞ்ச வேண்டாம். பேச்சுப் பயிற்சியையும் அன்றாடச் செயல்களைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியையும் தொடங்க, ஆட்டிசம்தான் என்று உறுதியாக வேண்டியதில்லை. காத்திருக்கும் மாதங்களிலேயே தொடங்கி, பயிற்சியாளரின் குறிப்பேட்டையும் அடுத்த சந்திப்புக்கு எடுத்துச் செல்லுங்கள்.