ரோலர் பம்ப் நின்றால் கையால் சுற்றுவது எப்படி? பெர்ஃப்யூஷன் (இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் படிப்பு) மாணவர்களுக்கு

இதய அறுவை சிகிச்சையில், பைபாஸில் (இதயம், நுரையீரலின் வேலையை இயந்திரம் செய்யும் நேரத்தில்) இதயம் நிறுத்தப்பட்டிருக்கும்போது உடம்புக்கு ரத்தம் அனுப்புவது இதய-நுரையீரல் இயந்திரத்தின் பம்ப் மட்டும்தான். ரோலர் பம்பில் சுழலும் உருளைகள் குழாயை அழுத்தி ரத்தத்தைத் தள்ளும். அது நின்றால், 37 டிகிரியில் இருக்கும் மூளை சில நிமிடங்கள்தான் தாங்கும். உடலைக் குளிர்வித்திருந்தால் கொஞ்சம் கூடுதல் அவகாசம் உண்டு.

1. "பம்ப் நின்றுவிட்டது" என்று சர்ஜனுக்கும் மயக்க மருத்துவருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள். பலர் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள். தனியாகச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். உதவிக்கு ஆள் வேண்டும்.

2. ஆர்ட்டீரியல் லைன் (நோயாளிக்கு ரத்தம் போகும் குழாய்), வீனஸ் லைன் (நோயாளியிடமிருந்து ரத்தம் வரும் குழாய்) இரண்டையும் கிளாம்ப் (இடுக்கி) போட்டு அடையுங்கள். வீனஸ் லைன் திறந்திருந்தால் நோயாளியின் ரத்தம் ரிசர்வாயருக்கு (இயந்திரத்தில் ரத்தம் தேங்கும் கலன்) வடிந்துகொண்டே இருக்கும். சென்ட்ரிஃபியூகல் பம்ப் (சுழற்சி விசையால் ரத்தத்தைத் தள்ளும் வேறு வகை) என்றால் ஆர்ட்டீரியல் கிளாம்ப்தான் முதலில். அதில் குழாயை அழுத்திப் பிடிக்கும் ரோலர் கிடையாது, பெருந்தமனியிலிருந்து ரத்தம் பின்னோக்கி ஓடிவிடும்.

3. பம்பைக் கையால் சுற்றும் கைப்பிடியை எடுக்கும் முன், ஏன் நின்றது என்று பாருங்கள். இதைத் தாண்டி ஓடாதீர்கள். மின்சாரம் போனால் பேட்டரி ஏற்றுக்கொள்ள வேண்டும். அதுவும் ஓடவில்லையா, மோட்டார் பழுதா, அல்லது குமிழி சென்சாரோ ரிசர்வாயர் மட்ட சென்சாரோ வேண்டுமென்றே நிறுத்தியதா? குமிழி அலாரம் அடித்திருந்தால் குழாயில் காற்று இருக்கலாம். அப்போது கையால் சுற்றினால் அந்தக் காற்று நேராக மூளைக்குப் போகும். குழாயைக் கண்ணால் பாருங்கள். காற்று தெரிந்தால் கிளாம்பைத் திறக்கக் கூடாது, அதை வெளியேற்றுவதுதான் முதல் வேலை.

4. காற்று இல்லை, பம்ப்தான் ஓடவில்லை என்றால் பம்பின் சுவிட்சை அணைத்துவிட்டு கைப்பிடியைப் பொருத்துங்கள். அணைக்காமல் விட்டால், கரண்ட் வந்ததும் கைப்பிடி வேகமாகச் சுழன்று கையைப் பதம்பார்க்கும். அம்புக்குறி காட்டும் திசையில் மட்டும் சுற்றுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றினால் நோயாளியிடமிருந்து ரத்தத்தை உறிஞ்சும். கிளாம்ப்களைத் திறக்கச் சொல்லிவிட்டு உடனே சுற்றத் தொடங்குங்கள். அரை அங்குலக் குழாய் போட்ட பெரிய பம்ப் ஒரு சுற்றுக்குச் சுமார் 45 மி.லி. தள்ளும். நிமிடத்துக்கு 4 லிட்டர் வேண்டுமென்றால் ஏறக்குறைய 90 சுற்று. கை சீக்கிரம் ஓய்ந்துவிடும், அதனால் முறைபோட்டுச் சுற்ற இன்னொருவரைப் பக்கத்திலேயே நிறுத்துங்கள்.

5. இன்னொருவர் ரிசர்வாயர் மட்டத்திலேயே கண் வைக்கட்டும். மட்டம் இறங்கினால் உங்கள் கையைத் தானாக நிறுத்த எந்த சென்சாராலும் முடியாது. ஆக்சிஜனேட்டருக்கு (ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் பகுதி) ஆக்சிஜன் போகிறதா, வெளியே வரும் ரத்தம் செக்கச்செவேல் என்று இருக்கிறதா என்பதையும் அவரே சொல்லட்டும். ரத்தம் கருஞ்சிவப்பாக வந்தால் சிலிண்டரிலிருந்து நேராக ஆக்சிஜன் கொடுங்கள்.

6. கரண்ட் வந்ததா? சரி, கிளாம்ப் போட்டு, கைப்பிடியைக் கழற்றி, வேகக் குமிழைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பிய பிறகே சுவிட்சைப் போடுங்கள். அப்புறம் கிளாம்பைத் திறந்து, ஓட்டத்தை மெதுவாக ஏற்றுங்கள்.