சித்தப்பாவிடம் கல்யாணத்தையும் சங்கத்தையும் பேசுவது எப்படி

எங்கள் குடும்பத்தில் இரண்டு பேச்சை எடுத்தால் பந்தியே கலைந்துவிடும். ஒன்று, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டம் இடம் தர வேண்டுமா என்பது. இன்னொன்று, அரசு ஊழியருக்குச் சங்கம் எதற்கு, ஸ்ட்ரைக் எதற்கு என்பது. என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டும் வேண்டும். அதைத் தனியார் கம்பெனியில் முப்பது வருடம் கணக்கு எழுதிய ஒரு சித்தப்பாவிடம், அவர் பாதியில் எழுந்து கை கழுவப் போகாதபடி சொல்வதுதான் கஷ்டம். பல தடவை சொதப்பிய பிறகு எனக்குப் பிடிபட்ட வழி இது.

சட்டம் இன்றைக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். பாதிச் சண்டை இதில்தான். "அதான் 2018லயே சுப்ரீம் கோர்ட் சரின்னு சொல்லிடுச்சே" என்பார் ஒருவர். 2018 செப்டம்பரில் வந்தது இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பற்றிய தீர்ப்பு. அது உறவைக் குற்றம் இல்லை என்றது, அதோடு சரி. கல்யாணக் கேள்விக்கு 2023 அக்டோபர் 17 அன்றுதான் பதில் வந்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்று ஐந்து நீதிபதிகளும் சொன்னார்கள். திருமணம் என்று இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்கு ஒரு சட்ட அங்கீகாரமாவது தரலாமே என்பது மூன்றுக்கு இரண்டில் தோற்றது. ஆனால் திருநங்கையோ திருநம்பியோ எதிர்பாலினத்தவரை இப்போதுள்ள சட்டப்படியே மணக்கலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை 2019லேயே ஒரு தூத்துக்குடித் தம்பதியின் வழக்கில் சொல்லிவிட்டது, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும்தான் என்று.

சங்கத்திலும் இதே குழப்பம். சங்கம் வைக்கும் உரிமை அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவில் இருக்கிறது. ஸ்ட்ரைக் செய்யும் உரிமை அதில் இல்லை. தமிழ்நாட்டு அரசு ஊழியர் வழக்கில் 2003 ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமையும் கிடையாது, சட்ட உரிமையும் கிடையாது, தார்மீக உரிமைகூடக் கிடையாது என்றது. கடைசியாகச் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, தார்மீகத்தை நீதிமன்றம் ஏன் தொட வேண்டும்? அது என் கருத்து, தீர்ப்பு தீர்ப்புதான். இரண்டையும் கலந்து பேசாதீர்கள்.

அடுத்தது முக்கியம். "சமத்துவம்", "மனித உரிமை" என்று ஆரம்பிக்காதீர்கள், காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள். சித்தப்பாவுக்குக் காகிதம் புரியும். இரண்டு பெண்கள் பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒருவர் அரசு வேலை, திடீரென்று இறந்துபோகிறார். குடும்ப ஓய்வூதியம் கூட இருந்தவருக்கு வராது, விதியில் அவர் குடும்பமே இல்லை. வங்கியில் கூட்டுக் கணக்கு திறக்கலாம், துணையை நாமினியாகப் போடலாம் என்று 2024 ஆகஸ்ட்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது, நல்லதுதான். ஆனால் வங்கி நாமினி பணத்தை வாங்கி வாரிசிடம் கொடுக்க வேண்டியவர், வாரிசே அவர் இல்லை. ஊரிலிருந்து அண்ணன் வந்து நின்றால் கதை முடிந்தது. இதைச் சொன்னபோது சித்தப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்போ உயில் எழுதலாமே" என்றார். அவர் எதிர்ப்பதை விட்டுவிட்டு வழி தேட ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது.

அவர் "நம்ம பண்பாட்டுல இல்லாதது" என்று சொல்வார், கட்டாயம் சொல்வார். அப்போது அமெரிக்காவை இழுக்காதீர்கள், தோற்றுவிடுவீர்கள். சுயமரியாதைத் திருமணத்தை எடுங்கள். ஐயர் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட எத்தனையோ ஜோடிகளின் கல்யாணம், 1950களில் சென்னை உயர் நீதிமன்றக் கணக்கில் கல்யாணமே இல்லை. 1967இல் அண்ணா ஆட்சியில்தான் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி 7ஏ பிரிவைச் சேர்த்தார்கள், ஏற்கனவே நடந்த கல்யாணங்களும் அதனால் செல்லுபடியாயின. ஊர் முதலில் செய்தது, சட்டம் நாற்பது வருடம் கழித்து வந்து சேர்ந்தது. எங்கள் தாத்தா பாட்டி கல்யாணம் அப்படிப்பட்டதுதான். சித்தப்பா அவர்களுக்குப் பிறந்தவர், இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

சங்கத்துக்கும் இப்படி ஒரு பழைய கதை இருக்கிறது, அதைக் கையில் வைத்திருங்கள். 1918இல் பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தார்கள், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் நின்றார். மில் நிர்வாகம் வழக்குப் போட்டு, உயர் நீதிமன்றத்தில் வாடியாவுக்கு எதிராகத் தடை உத்தரவே வாங்கியது. சங்கத்துக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் 1926இல்தான் வந்தது.

ஆனால் அரசு ஊழியர் என்றதும் சித்தப்பா முகம் மாறும். "மாசம் பொறந்தா சம்பளம், பென்ஷன், ஒரு சான்றிதழுக்கு நாலு தடவை அலைய விடுறான், இதுல ஸ்ட்ரைக் வேறயா?" இதை மறுக்காதீர்கள். அலைந்தவர் அவர், நீங்கள் மறுத்தால் அவர் கண்ணில் நீங்களும் அந்தக் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஆகிவிடுவீர்கள். லஞ்சத்துக்கு எதிராகச் சங்கங்கள் வாய் திறப்பது குறைவு என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அது உண்மையும்கூட. இன்னொன்றும் எனக்குக் குறை: நிரந்தர ஊழியர் சங்கங்கள் ஒப்பந்தத் தொழிலாளருக்காக ஸ்ட்ரைக் வரை போனதை நான் பார்த்ததில்லை. 2025 ஆகஸ்ட்டில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் கேட்டது வேலையைத் தனியாருக்கு விடாதே, பணி நிரந்தரம் செய் என்பதைத்தான். அவர்களை முன்னால் வைத்துப் பேசிப் பாருங்கள், "மாசச் சம்பளக்காரன்" என்ற வாதம் அந்த இடத்தில் ஓடாது.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லாமல் என்னால் இதைப் பேச முடியாது. 2003 ஜூலையில் அரசு ஊழியர் ஸ்ட்ரைக்கில் வேலை போன ஏறக்குறைய 1.7 லட்சம் பேரில் அப்பாவும் ஒருவர். பஞ்சப்படி, பென்ஷன், விடுப்பைப் பணமாக்குவது என்று பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று பகலில் வீட்டில் இருந்தார். அம்மா தாலிச் சங்கிலி அடகுக்குப் போனது, கழுத்தில் மஞ்சள் கயிறு. பிறகு, மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வேலை என்று ஆனது. கடைக்குப் போய் வெள்ளைத்தாள் வாங்கி வரச் சொன்னார். நான் நாலு தாள் வாங்கி வந்தேன், மூன்றைக் கசக்கிப் போட்டார். சித்தப்பா அந்த மாதம் எங்கள் வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கினார், ஸ்ட்ரைக்கைத் திட்டிக்கொண்டேதான் இறக்கினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும், அதைச் சொல்லுங்கள். ஆனால் உங்களுடையதை மட்டும். யாரோ தெரிந்தவர் தன்பால் ஈர்ப்பாளர் என்றால் அவர் பெயரையோ ஊரையோ உதாரணத்துக்குக்கூட எடுக்காதீர்கள். உங்களுக்கு அது ஒரு வாதம், அவருக்கு வாடகை வீடு போகலாம், வேலையே போகலாம். அப்புறம், நீங்களே அரசு ஊழியர் என்றால் பந்தியில் பேசுவதை அப்படியே ஃபேஸ்புக்கில் எழுதிவிடாதீர்கள், அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடு இருக்கிறது. சங்கத்தின் பெயரில் தீர்மானமாகப் போடுவது பாதுகாப்பு. அப்படிப் போடுவதென்றால், ஓய்வூதிய விதியில் 'குடும்பம்' என்ற சொல்லை விரிக்கக் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்களேன். திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது, மேற்கோள் காட்டலாம்.

சொல்லிலும் கவனம். தன்பால் ஈர்ப்பாளரையும் திருநரையும் மரியாதையாகக் குறிப்பிடத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு சொற்பட்டியல் வெளியிட்டது. பழைய வசைச் சொல் சித்தப்பா வாயில் வந்தால் பந்தியில் வைத்துத் திருத்தாதீர்கள், அடுத்த வாக்கியத்தில் நீங்கள் சரியான சொல்லைப் போட்டுப் பேசுங்கள், பத்து நிமிடத்தில் தானாக மாறிக்கொள்வார். சில பேர் மாறுவதில்லை. பாயசம் வரும்போது பேச்சை நிறுத்திவிடுங்கள்.

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். "ஏம்ப்பா, உயில் எழுத எவ்வளவு ஆகும்? எங்க பழைய ஆபீஸ்ல ஒரு பையன் கேக்கிறான்." முத்திரைத்தாள்கூட வேண்டாம் சித்தப்பா, வெள்ளைத்தாளும் இரண்டு சாட்சியும் போதும், பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது என்றேன். சாட்சிக் கையெழுத்து யார் வேண்டுமானாலும் போடலாமா என்று கேட்டார். உயிலில் பங்கு வாங்காத யாரும் போடலாம் என்றேன்.

"அப்போ நானே போட்டுடுறேன்" என்றார். எந்தப் பையன் என்று நான் கேட்கவில்லை.